பெரிய பல்கலைக்கழகமா, பக்கத்துக் கல்லூரியா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேரும் முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மார்க் எடுத்த மாணவர்கள் கட்-ஆஃப் கணக்குப் போடுவார்கள். மாநில அளவில், மாவட்ட அளவில் ஆடிய மாணவர்களின் வீட்டில் வேறொரு கணக்கு ஓடும். பள்ளியின் பி.டி. சார் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்வார். கிளப் கோச் இன்னொன்றைச் சொல்வார். ஏற்கெனவே கோட்டாவில் சேர்ந்த சீனியர் அண்ணன், "நம்ம யுனிவர்சிட்டிக்கு வாடா, ஃபீஸ் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, ஷூ, ஜெர்ஸி எல்லாம் குடுப்பாங்க" என்பார். அம்மாவோ, "பக்கத்துலயே நல்ல காலேஜ் இருக்கே, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டுப் போகலாமே" என்பார்.

இந்த நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய சில விஷயங்கள் இந்தப் பேச்சில் பெரும்பாலும் வருவதே இல்லை. டீமில் இடம் கிடைக்குமா? அந்த இடம் எந்தச் சான்றிதழைத் தரும்? காயம் பட்டால் படிப்பு தொடருமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்தால், மூன்று நான்கு ஆண்டுகள் பெஞ்சிலேயே போய்விடக்கூடும்.

குன்றத்தூரிலிருந்து பார்த்தால் எத்தனை வாசல்கள்?

தென்சென்னைப் புறநகரில் இந்தக் குழப்பம் அதிகம். காரணம், இங்கே வாய்ப்புகள் அதிகம். குன்றத்தூரில் வளர்ந்த ஒரு வாலிபால் வீரரையோ கபடி வீராங்கனையையோ உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

பல்லாவரத்தில் வேல்ஸ், சேலையூரில் பாரத், வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, தண்டலத்தில் சவீதா, பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் சத்யபாமா, படூரில் ஹிந்துஸ்தான். இவையெல்லாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்.

இன்னொரு பக்கம் தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, வேளச்சேரியில் குருநானக் கல்லூரி, குரோம்பேட்டையில் எஸ்.டி.என்.பி. வைணவ மகளிர் கல்லூரி, செங்கல்பட்டில் அரசு கலைக் கல்லூரி, நகருக்குள் போனால் நுங்கம்பாக்கம் லயோலா. இவை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்றவை. பொறியியல் என்றால் குன்றத்தூரிலேயே சென்னை இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இவை அண்ணா பல்கலைக்கழகத்தின் குடையின் கீழ் வருபவை. உடற்கல்வியையே படிப்பாக எடுக்க விரும்பினால் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், நந்தனத்தில் 1920-ல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி.

எல்லாமே பேருந்திலும் மின்சார ரயிலிலும் போய்வரக்கூடிய தூரம்தான். அதனால்தான் "எது பெரிசு?" என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது.

இணைவுக் கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு

இந்தியாவில் கல்லூரி விளையாட்டின் உச்ச மேடை, பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி. இதை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். சுருக்கமாக ஏ.ஐ.யு. வாலிபால், கபடி, கூடைப்பந்து, கால்பந்து போன்ற பெரும்பாலான குழு விளையாட்டுகளில் முதலில் தென் மண்டலம், வட மண்டலம் என்று மண்டலப் போட்டி நடக்கும். அதில் முன்னணியில் வரும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அங்கே மேலே வரும் அணிகளுக்கு கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டின் கதவு திறக்கும்.

இந்த மேடையில் இறங்குவது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். எல்லா வித்தியாசமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், அந்த வளாகத்தின் அணிதான் பல்கலைக்கழக அணி. 12 பேர் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் நேராகத் தென் மண்டலப் போட்டி. வரவில்லை என்றால் அந்த ஆண்டு ஏ.ஐ.யு. மேடை கிடையாது. இடையில் வேறு படி இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் இரண்டு படிகள். முதலில் கல்லூரி அணிக்காக, கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் ஆட வேண்டும். அங்கே கண்ணில் பட்டு, செலக்‌ஷன் ட்ரையல்ஸில் தேர்வானால்தான் சென்னைப் பல்கலைக்கழக ஜெர்ஸி. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் வீரர்கள் அதே 12 இடங்களுக்கு மோதுவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். மாநிலம் முழுக்க உள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்து ஒரே அணி.

அப்போ எது சுலபம்? இரண்டுமே சுலபம் இல்லை. ஆனால் கஷ்டம் வேறு வேறு வகை. முதல் வழியில் சேர்ந்த நாளிலிருந்தே உள்ளுக்குள் போட்டி. வாலிபாலில் களத்தில் 6 பேர்தான். ஒரு பெரிய பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஆண்டு பல மாநிலங்களிலிருந்து வீரர்களைச் சேர்த்துக்கொண்டே போனால், மூன்றாம் ஆண்டிலும் ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்க நேரலாம். இரண்டாம் வழியில் சுமாரான கல்லூரி அணியில்கூட முதல் ஆண்டிலேயே எல்லா மேட்சும் ஆடலாம். ஆனால் அந்த அணி முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறினால், தேர்வாளர்கள் பார்க்கும் நேரமும் குறைந்துபோகும்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தக் காலேஜ் பெரிசு?" அல்ல. "அந்த டீம்ல என் பொசிஷன்ல இப்போ யார் ஆடறாங்க, அவங்க எந்த இயர்?" என்பதுதான். செட்டர் இடத்தில் இருப்பவர் இறுதியாண்டு என்றால் அடுத்த ஆண்டு அந்த இடம் காலி. முதலாம் ஆண்டு என்றால், அவரைவிட நன்றாக ஆடினால் தவிர வழி இல்லை.

ஒரு ஜெர்ஸிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பெருமைக்காக மட்டும் இல்லை. வேலைக்காக.

மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி பணியிடங்களுக்கு விளையாட்டு வீரர்களை எடுக்க, மத்தியப் பணியாளர் நலத் துறை வகுத்த விதிகள் இருக்கின்றன. அதன்படி நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடியவர்களோடு, பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களும் விண்ணப்பிக்கலாம். முன்னுரிமை வரிசையும் அதிலேயே உண்டு. சர்வதேசப் போட்டியில் ஆடியவர்கள் முதலில். அடுத்து சீனியர், ஜூனியர் தேசியப் போட்டிகளில் மூன்றாம் இடம் வரை பதக்கம் பெற்றவர்கள். அதற்கு அடுத்தபடி, பல்கலைக்கழகப் போட்டியில் மூன்றாம் இடம் வரை வந்தவர்கள். பள்ளி தேசியப் போட்டிப் பதக்கம் அதற்கும் கீழேதான்.

இதில் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியின் கோப்பை எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. கல்லூரிக்காக ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்தாலும், பல்கலைக்கழக அணியில் ஒருமுறைகூட இடம்பெறாதவருக்கு இந்த விதியின் கீழ் அந்தக் கோப்பைகள் உதவாது. பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கான சான்றைத் தனிப் படிவத்தில், பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி கையெழுத்திட்டுத் தர வேண்டும். கல்லூரி முதல்வரின் பாராட்டுக் கடிதம் அதற்கு ஈடாகாது.

ரயில்வே போன்ற துறைகளுக்குத் தனி விதிகள் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கிறது. அங்கும் எந்தப் போட்டி, எந்த நிலை, என்ன சான்றிதழ் என்பதைப் பொறுத்தே தகுதி. "ஸ்போர்ட்ஸ் கோட்டால சேர்ந்தா கவர்ன்மென்ட் ஜாப் கிடைச்சுடும்" என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. கோட்டாவில் சேர்ந்தது வேலை தராது. எந்த மேடையில் ஆடினோம் என்பதுதான் தரும்.

இன்னொன்று: ஏ.ஐ.யு. போட்டிகளில் ஆட வயது வரம்பு உண்டு. 25-ஐத் தாண்டினால் முடியாது. பட்டப்படிப்பின் மூன்று நான்கு ஆண்டுகள், மேலே படித்தால் இன்னும் இரண்டு. அதில் ஒரு சீசனை வீணாக்குவதும் பெரிய இழப்பு.

பெரிய இடம் எதைத் தருகிறது?

பெரிய பல்கலைக்கழகங்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. அவை தருவதை எளிதில் வேறெங்கும் பெற முடியாது.

முழுநேர கோச், ஜிம், உள்விளையாட்டரங்கம், பிசியோ, சத்தான மெஸ் சாப்பாடு ஆகியவை ஒரே வளாகத்தில் கிடைக்கும். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் பஸ் பிடித்து, அங்கிருந்து ரயில் ஏறிப் போகிறவருக்கும், ஹாஸ்டலில் எழுந்து மைதானத்துக்கு நடந்து போகிறவருக்கும் உடம்பில் மிஞ்சும் தெம்பு ஒன்றாக இருக்காது. குன்றத்தூருக்கு ரயில் நிலையம் கிடையாது. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் சாலையில் போனால், அது தூக்கத்திலிருந்துதான் கழியும்.

கூட ஆடுகிறவர்களின் தரமும் முக்கியம். தேசிய அளவில் ஆடிய ஒருவரின் ஸ்மாஷை தினமும் பிளாக் செய்து பழகுகிறவர், அது இல்லாத இடத்தில் ஆடுகிறவரைவிட வேகமாக வளர்வார்.

தனியார் பல்கலைக்கழகங்கள் விளையாட்டில் போடும் பணம் நாடு முழுக்கப் பலன் காட்டியிருக்கிறது. முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு 2020-ல் புவனேஸ்வரில் நடந்தபோது, அரசுப் பல்கலைக்கழகமான பஞ்சாப் பல்கலைக்கழகம் முதலிடம் பிடித்தது. 2022-ல் பெங்களூருவில் நடந்தபோது அந்த நகரின் ஜெயின் பல்கலைக்கழகம் முதலிடம். 2024 தொடக்கத்தில் வடகிழக்கு மாநிலங்களில் நடந்தபோது சண்டிகர் பல்கலைக்கழகம். பிந்தைய இரண்டுமே தனியார் நிறுவனங்கள். திறமையான வீரர்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பது அவற்றுக்கு இப்போது ஒரு முறையான வேலை.

அப்போ சின்னக் கல்லூரி வேஸ்ட்டா?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அவர் பி.பி.ஏ. படித்தது சேலத்தில் உள்ள ஏ.வி.எஸ். கலை அறிவியல் கல்லூரியில். உயர்நிலைப் பயிற்சி பெங்களூருவில், பயிற்சியாளர் சத்யநாராயணாவிடம். கல்லூரி பட்டத்தைக் கொடுத்தது, பயிற்சி வேறு இடத்தில் கிடைத்தது. இரண்டையும் ஒரே கேட்டுக்குள் தேட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இது எல்லாருக்கும் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. விளையாட்டைப் பொறுத்து கணக்கு மாறும்.

தடகளம், பளுதூக்குதல், நீச்சல், செஸ் மாதிரி தனிநபர் விளையாட்டில் அளவுகோல் தெளிவு. தாண்டிய உயரம், ஓடிய நேரம், செஸ் ரேட்டிங். கல்லூரி அணி பலவீனமாக இருந்தாலும் இந்த எண் குறையாது. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான ஏ.எல். முதலியார் நினைவுத் தடகளப் போட்டியில் முதலில் ஓடி வருகிறவர் எந்தக் கல்லூரி என்று ஸ்டாப் வாட்ச் கேட்பதில்லை. இவர்களுக்கு முக்கியம், நல்ல கோச் பக்கத்தில் இருக்கிறாரா, பயிற்சி நேரத்துக்குக் கல்லூரி வழிவிடுமா என்பதுதான்.

வாலிபால், கபடி, கூடைப்பந்து, கால்பந்தில் கணக்கு வேறு. இங்கே கூட ஆடுகிறவர்கள் வேண்டும், தொடர்ந்து மேட்சுகள் வேண்டும், களத்தில் நிமிடங்கள் வேண்டும். பலமான அணியில் ரிசர்வாக இருப்பதா, நடுத்தர அணியில் மெயின் பிளேயராக இருப்பதா என்ற கேள்வி இவர்களுக்குத்தான் கடினம்.

கிரிக்கெட் இன்னும் வேறு. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக்கில் எந்தக் கிளப்புக்கு ஆடுகிறோம் என்பதுதான் அங்கே பெரிய விஷயம். ரவிச்சந்திரன் அஸ்வின் பொறியியல் படித்தது பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள எஸ்.எஸ்.என். கல்லூரியில். கிரிக்கெட் வீரர் கல்லூரியைத் தேர்வு செய்யும்போது, லீக் மேட்ச் நாட்களில் அட்டெண்டன்ஸ் பிரச்சினை வருமா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அமெரிக்காவில் இதே கேள்வி

இந்தக் கேள்வி உலகில் மிகப் பெரிய அளவில் கேட்கப்படும் இடம் அமெரிக்கா. அங்கே 'காலேஜ் ஃபுட்பால்' என்பது நம்ம ஊர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு கையில் பந்தோடு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரிகள் 'கான்பரன்ஸ்' என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. ஆகிய நான்கும் பெரியவை. டிவி பணமும் கூட்டமும் அங்கேதான். மவுண்டன் வெஸ்ட், சன் பெல்ட் போன்றவை அடுத்த வரிசை.

பெரிய அணிகள் பல ஆண்டுகளாக 85 பேர் வரை ஸ்காலர்ஷிப்பில் வைத்திருந்தன. ஒரே நேரத்தில் களத்தில் இருப்பது 11 பேர். அதனால் அங்கும் அதே தடுமாற்றம்தான்: பெரிய பெயரில் பெஞ்சா, சின்னப் பெயரில் களமா?

பஃபலோ பில்ஸ் அணியின் ஜாஷ் ஆலனுக்குப் பள்ளி முடித்தபோது உயர்நிலைக் கல்லூரிகள் எதுவும் ஸ்காலர்ஷிப் தரவில்லை. ஒரு ஆண்டு சமுதாயக் கல்லூரியில் ஆடி, பிறகு மவுண்டன் வெஸ்ட் குழுவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தார். 2018-ல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தேர்வில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார். 2024 சீசனின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. வயோமிங்கில் அவருக்குக் கிடைத்தது களத்தில் ஆடும் நேரம்.

அதே சமயம் பெரிய குழுக்கள் பாதுகாப்பிலும் முன்னே போயின. சரியாக ஆடவில்லை என்ற காரணத்துக்காக ஒரு வீரரின் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கூடாது என்ற விதியை 2015-ல் முதலில் ஏற்றவை அவைதான். இன்று அங்கே ஒரு வீரர் கல்லூரி மாறுவதும் சுலபம். என்ன தருகிறோம் என்பது எழுத்தில் இருக்கும். நம்மிடம் இந்த மூன்றாவது பாதுகாப்புகூட எல்லா இடத்திலும் இல்லை.

வெளிநாட்டு ஸ்காலர்ஷிப் ஆசை இருப்பவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. டெல்லித் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த தேஜஸ்வின் சங்கர், 2017-ல் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2018-லும் 2022-லும் அமெரிக்கக் கல்லூரிகளின் உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்றார். ஆனால் 2022 ஜூனில் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கு இடையேயான தேசியப் போட்டியில், அதே நேரம் அங்கே கல்லூரிப் போட்டி இருந்ததால் அவர் ஆடவில்லை. இதனால் காமன்வெல்த் அணியில் முதலில் இடம் கிடைக்காமல், டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கடைசியில் பர்மிங்ஹாம் போய் 2.22 மீட்டர் தாண்டி வெண்கலத்தோடு வந்தார். எங்கே படிக்கிறோம் என்பது, எந்தப் போட்டி நமக்குக் கணக்கில் வரும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

"எல்லாம் ஃப்ரீ" என்றால் எதெல்லாம் ஃப்ரீ?

நம்ம ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டா பேச்சுவார்த்தை பெரும்பாலும் வாய்மொழி. "ஃப்ரீ சீட் தர்றோம் சார், கவலைப்படாதீங்க" என்பதோடு முடிந்துவிடும். டியூஷன் ஃபீஸ் மட்டுமா, பஸ் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ், மெஸ் பில் எல்லாமா? முதல் ஆண்டுக்கா, கோர்ஸ் முடியும் வரையா? அடுத்த ஆண்டு டீமில் இல்லாவிட்டால் முழு ஃபீஸும் கட்டணுமா? மூட்டு ஜவ்வு கிழிந்து எட்டு மாதம் ஆட முடியாமல் போனால்?

மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனும் கட்டும் ஒரு குடும்பத்துக்கு இந்தப் பதில்களின் வித்தியாசம் லட்சங்களில் வரும். விளையாட்டு பாதியில் நின்று, ஃபீஸ் கட்ட முடியாமல் படிப்பும் நின்றால் இரண்டு பக்கமும் இழப்பு.

பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாமா? நடுவில் கல்லூரி மாறினால் சிலபஸ் மாறும், அரியர் சேரும், பெரும்பாலும் ஒரு ஆண்டு போகும். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். "டீமை விட்டுப் போனா சர்டிபிகேட் தர மாட்டோம்" என்று யாராவது சொன்னால், அந்த மிரட்டலுக்கு விதியில் இடமில்லை.

படிப்பின் மதிப்பையும் மறக்கக் கூடாது. கோட்டாவில் எது கிடைக்கிறதோ அந்தக் கோர்ஸில் சேர்ந்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. பொறியியல் படிக்க விரும்புகிறவர்களுக்கு, தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்விலேயே விளையாட்டுப் பிரிவில் 500 இடங்கள் வரை உண்டு. அரசு கலைக் கல்லூரிகளின் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்விலும் விளையாட்டு வீரர்களுக்கு இடம் உண்டு. இவற்றில் சேர எந்த அணித் தேர்வாளரின் தயவும் வேண்டாம். சான்றிதழும் மதிப்பெண்ணும் பேசும். அரசு வழியில் கிடைத்த இடம், அடுத்த சீசனில் ஃபார்ம் போனாலும் பறிபோகாது. தனியார் இடத்தின் சலுகையோடு ஒப்பிடும்போது இந்த நிம்மதிக்கும் ஒரு விலை போட்டுப் பார்க்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ட்ரையல்ஸுக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை போனில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால் அவர்களே கேட்கலாம். கேட்பதால் சீட் போய்விடாது. கேட்டதற்காகவே சீட் போகும் என்றால், அந்த இடத்தைப் பற்றி அதுவே ஒரு தகவல்.

1. என் பொசிஷனில் இப்போது எத்தனை பேர்? அவர்கள் எந்த ஆண்டு? இந்த ஆண்டு இன்னும் எத்தனை பேரை எடுக்கிறீர்கள்?

2. கடந்த மூன்று ஆண்டுகளில் முதலாம் ஆண்டு மாணவர்கள் எத்தனை பேர் பல்கலைக்கழக அணியில் ஆடினார்கள்? இணைவுக் கல்லூரி என்றால், இந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போனார்கள்?

3. கோச் முழுநேரமா, சீசனுக்கு மட்டும் வருகிறவரா? என்னை எடுக்கும் கோச் அடுத்த ஆண்டு இருப்பாரா?

4. எந்தெந்தக் கட்டணம் தள்ளுபடி? எத்தனை ஆண்டுக்கு? காயம் பட்டால் தொடருமா? எழுத்தில் தர முடியுமா?

5. போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. உண்டா? செமஸ்டர் தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் மறுதேர்வு உண்டா, அரியர்தானா?

6. காயத்துக்கு மருத்துவச் செலவு யார் பொறுப்பு? இன்சூரன்ஸ் இருக்கிறதா?

7. இந்த அணியில் ஆடி, படிப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

ஏழாவது கேள்வியை ஆபீஸில் கேட்பதைவிட, மைதானத்தில் கேட்பது நல்லது. ட்ரையல்ஸ் நாளில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும் மூன்றாமாண்டு அண்ணனிடமோ அக்காவிடமோ, "டீம்ல எல்லாரும் ஆடுறாங்களா அண்ணா? மெஸ் எப்படி? அரியர் எத்தனை?" என்று கேட்டால் பிராஸ்பெக்டஸில் இல்லாதது தெரியவரும்.

பெண்கள் என்றால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். பெண்கள் அணிக்குத் தனி கோச், தனிப் பயிற்சி நேரம் உண்டா? இரவு பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ பாதுகாப்பாகப் போக என்ன ஏற்பாடு? பல வீடுகளில் திறமையான பெண்கள் விளையாட்டை நிறுத்துவது இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாததால்தான்.

மாற வேண்டியது மாணவர் மட்டுமா?

17, 18 வயது மாணவரிடம் மட்டும் இந்தப் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை. ஒரு பக்கம் ஆண்டுதோறும் ஆள் சேர்த்துப் பழகிய நிறுவனம். இன்னொரு பக்கம் முதல்முறை கல்லூரி வாசலை மிதிக்கும் குடும்பம். பேரம் சமமில்லாத இடத்தில் விதி எழுத்தில் இருக்க வேண்டும்.

முதலாவதாக, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேரும் ஒவ்வொருவருக்கும் சலுகை என்ன, எத்தனை ஆண்டு, எந்தச் சூழலில் நிற்கும் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுப்பதைக் கல்லூரிகள் கட்டாயமாக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

இரண்டாவதாக, காயம் பட்ட வீரரின் கல்விக் கட்டணச் சலுகையைப் பட்டம் முடியும் வரை நிறுத்தக் கூடாது. நிறுவனத்தின் பெயருக்காக ஆடித்தான் அந்தக் காயம் வந்தது.

மூன்றாவதாக, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பள்ளிக் கல்வித் துறையும், பிளஸ் டூ முடிக்கும் வீரர்களுக்கு ஒரு வழிகாட்டல் முகாம் நடத்தலாம். எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும், எந்தப் போட்டி எந்த விதியில் கணக்கில் வரும் என்பதை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். அது தெரியாததால் இழக்கும் ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியாது. நீட், ஜே.இ.இ. எழுதுகிறவர்களுக்கு இருக்கிற வழிகாட்டலில் பத்தில் ஒரு பங்கு இவர்களுக்கும் கிடைக்க வேண்டாமா?

அது வரும் வரை, முடிவு வீட்டு ஹாலில்தான் எடுக்கப்படும். சர்வதேசத் தரப் பயிற்சி தேவைப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்ட, உள்ளே நுழைந்ததும் ஆடப்போகும் வீரருக்குப் பெரிய பல்கலைக்கழகம் பொருத்தம். இன்னும் வளர வேண்டியவருக்கு, தினமும் ஆட வைக்கும் கல்லூரி பொருத்தம், அது பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சரி. இரண்டிலும் சேர்ந்து படிக்கத் தகுந்த பட்டம் இருக்க வேண்டும், சொன்ன வார்த்தை காகிதத்தில் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத இடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடுத்த ட்ரையல்ஸுக்குப் போய்விடுவதே நல்லது.